ஸ்வால்பார்டில் பனியாறு பார்க்க மார்ச்சா, ஜூலையா? எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

அப்பா அம்மாவோடு ஒரு வாரம் ஸ்வால்பார்ட் போக நினைக்கிறீர்கள். அப்பாவுக்கு 64 வயது, அம்மாவுக்கு முட்டிவலி. ஃபியோர்டும் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகும் கடல்) பனியாறும் பக்கத்தில் பார்க்க வேண்டும், முடிந்தால் பனியாற்றின் மேல் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். மார்ச்சில் போவதா ஜூலையில் போவதா, கைடு இல்லாமல் நாமே சுற்றினால் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் சேர்ந்து ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: முட்டிவலி உள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள், பனியாற்றை எந்த வழியாக எவ்வளவு நெருங்க முடியும்? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் பாதியில், படகு வழியாகப் போங்கள். கைடு இல்லாமல் ஊருக்கு வெளியே போக வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்வால்பார்ட் தீவுகள் 74 முதல் 81 டிகிரி வட அட்சம் வரை பரவிக் கிடக்கின்றன. நிர்வாகம் நார்வேயிடம். நீங்கள் இறங்கப்போகும் லாங்யர்பியன் 78 டிகிரியில் இருக்கிறது. சுமார் 2,500 பேர் வாழும் ஊர். ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் சாலை. ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையே கிடையாது. நிலத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பனியாறு மூடிய பகுதி. அதனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் பாதையைத் தீர்மானிக்கும். கோடையில் பாதை கடல்: அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரையைத் திறந்து வைத்திருப்பதால், படகு ஃபியோர்டுக்குள் நுழைந்து பனியாறு கடலில் முடியும் சுவர் வரை போகலாம். குளிர்காலக் கடைசியில் பாதை வெண்பனி: பள்ளத்தாக்குகளும் பனியாறுகளும் மூடிக்கொண்டு ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓடும் தடமாகிவிடுகின்றன. ஒரே இடம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு பயணங்கள்.

மார்ச்சில் என்ன கிடைக்கும்? அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. அதற்குப் பிறகும் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 வாக்கில் ஆகிவிடும். அந்த நாட்களின் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிச்சம் வேறெந்த மாதத்திலும் கிடைக்காது, அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குளிர் சாதாரணமாக மைனஸ் 10 முதல் மைனஸ் 20 வரை இருக்கும். மைனஸ் 15 இருக்கும்போது 50 கி.மீ. வேகத்தில் ஸ்னோமொபைலில் போனால், மூடாத தோலில் அது மைனஸ் 29 போல வேலை செய்யும். டெம்பல்ஃபியோர்டனில் டூனா பனியாற்றைப் பார்க்கப் போய்த் திரும்புவதென்றால் ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார வேண்டும். காற்று செதுக்கிய கெட்டிப் பனிமேல் வண்டி குதித்துக்கொண்டே போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகும் முட்டியும்தான் அதை வாங்கும். உங்கள் அம்மாவுக்கு இது சரிவராது. நீங்கள் மட்டும் தனியாகப் போவதாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். வண்டி ஓட்டுபவரிடம் லைசன்ஸ் அசல் இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வையுங்கள், நிறுவனத்திடம் முன்கூட்டியே காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, உறைந்த கடல் மேல் வண்டியோட்டிப் பனியாற்றின் முகப்புக்கே போன பழைய படங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். பல ஃபியோர்டுகள் இப்போது முன்போல் உறைவதில்லை. உறைகிற சிலவற்றிலும் மார்ச் 1க்குப் பிறகு கடற்பனி மேல் மோட்டார் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, அது சீல்கள் குட்டி போடும் காலம், கரடிகள் அவற்றை வேட்டையாடும் காலம்.

ஜூலையில் சூரியன் மறைவதே இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இப்படித்தான். பகல் வெப்பநிலை பெரும்பாலும் 4 முதல் 10 டிகிரி. லாங்யர்பியன் துறைமுகத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகுகள் இருக்கின்றன. இஸ்ஃபியோர்டன் என்ற பெரிய ஃபியோர்டின் வடகிழக்குக் கிளையான பில்லெஃபியோர்டனில் நோர்டன்ஷோல்ட் பனியாற்றைக் காட்டி, 1998இல் கைவிடப்பட்ட பிரமிடன் என்ற ரஷ்யச் சுரங்க ஊரில் இறக்கிவிட்டுத் திரும்புவது ஒரு வழி. எஸ்மார்க் பனியாற்றைப் பார்த்துவிட்டுப் பேரன்ட்ஸ்பர்க் என்ற இன்னொரு ரஷ்யச் சுரங்க ஊருக்குப் போவது இன்னொன்று. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு சில நிறுவனங்கள் பேரன்ட்ஸ்பர்கில் ஆட்களை இறக்குவதில்லை, பதிவு செய்யும்போதே கேளுங்கள். இரண்டில் எது என்றால், முதல் வழியைத்தான் சொல்வேன். பில்லெஃபியோர்டன் உள்ளே ஒதுங்கியிருப்பதால் அலை குறைவு. மேற்கே திறந்த கடலை நோக்கிப் போகப் போக ஆட்டம் கூடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வயிறு புரளத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

படகு வகையையும் பாருங்கள். மூடிய கேபினும் கழிப்பறையும் உள்ள படகு, திறந்த ரப்பர் படகு என்று இரண்டு உண்டு. திறந்த படகில் உடல் முழுக்க மூடும் மிதவை உடை தருவார்கள். பனிக்கட்டித் துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து போகலாம், அனுபவம் பெரிது. ஆனால் ரப்பர் படகு அலைமேல் அறைந்து அறைந்து போகும், எட்டு மணி நேரம் கேபின் படகில் போவதைவிட மூன்று மணி நேரம் அதில் போவது உடம்புக்கு அதிக வேலை. அம்மாவுக்கு மூடிய படகுதான். அதிலும் மேல்தளத்துக்கு ஏறும் படி செங்குத்தாக இருக்கலாம், கீழ்த்தளத்திலிருந்தே வெளியே வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எவ்வளவு பக்கத்தில் என்பதற்கு வருகிறேன். கடலில் முடியும் பனியாற்றின் முகப்பு பெரும்பாலும் இருபது முப்பது மீட்டர் உயரச் சுவராக நிற்கும். சிலவற்றில் இன்னும் உயரம். கண்ணுக்கு அளவு பிடிபடாது, மரமோ வீடோ பக்கத்தில் இல்லாததால் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பது இருநூறு மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். சுவரிலிருந்து ஒரு பாளம் உடைந்து விழுந்தால் ஆபத்து மூன்று விதமாக வரும். விழும் கட்டி நேரே மேலே விழலாம். அது எழுப்பும் அலை, சுற்றி மிதக்கும் துண்டுகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து படகில் மோதலாம். மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உடைந்து, சுவரிலிருந்து தள்ளி, எச்சரிக்கையே இல்லாமல் மேலே எகிறும். 2007 ஆகஸ்டில் தெற்கே ஹார்ன்சுண்ட் ஃபியோர்டில் ஒரு சுற்றுலாக் கப்பல் முகப்புக்கு மிக அருகே போனபோது பனி உடைந்து, பதினைந்துக்கும் மேற்பட்ட பயணிகள் காயமடைந்தார்கள். அதனால் நல்ல படகோட்டி சில நூறு மீட்டருக்கு முன்பே நின்றுவிடுவார். ஃபியோர்டு குறுகலாகவோ ஆழம் குறைவாகவோ இருந்தால் இன்னும் முன்பே நிற்பார், அங்கே அலை அடங்க இடமில்லாமல் உயரும். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள் என்று அவரைக் கேட்காதீர்கள்.

தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம். உறைநிலைக்கு அருகே ஒலி நொடிக்குச் சுமார் 330 மீட்டர் போகும். கட்டி விழுவதைக் கண்ணால் பார்த்த நொடியிலிருந்து எண்ணுங்கள். இடிமுழக்கம் காதுக்கு வர மூன்று நொடி ஆனால் சுவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த முழக்கம் கேட்டபின் திரும்பிப் பார்த்தால் விழுந்து முடிந்திருக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் முன்பே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கேமராவை அங்கேயே வைத்திருக்க வேண்டும். எந்தப் பகுதி என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. சுவருக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும் கடல் செங்காவியாகக் கலங்கி, அதற்கு மேல் கிட்டிவேக் என்ற வெள்ளைக் கடற்காகங்கள் கூட்டமாக வட்டமிட்டு இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். பனியாற்றுக்கு அடியில் ஓடிவரும் உருகுநீர் அங்கேதான் கடலுக்குள் வெளிப்பட்டு மேலே பொங்குகிறது. ஆழத்திலிருந்த சிற்றுயிர்களை அது மேலே கொண்டுவருவதால் பறவைகளுக்கு விருந்து. அதே நீர் சுவரின் அடியை அரிப்பதால் உடைவதும் அங்கே அதிகம். கேமரா அங்கே பார்க்கட்டும், படகு அங்கே போகக் கூடாது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிச் சில நிமிடம் பேசாமல் இருங்கள். மிதக்கும் கட்டிகளிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம் இடைவிடாமல் வரும். பனியாக மாறியபோது அழுத்தத்தில் அடைபட்ட காற்றுக் குமிழிகள், கட்டி உருக உருக வெடிக்கின்றன. குமிழி குறைந்த அடர்ந்த கட்டிதான் நீலமாகத் தெரிவது. வெளிச்சம் அதற்குள் வெகுதூரம் போய்வரும்போது சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. சுவரில் பளிச்சென்ற கரு நீலத் திட்டு தெரிந்தால் அந்த இடம் அண்மையில்தான் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் பட்டு மேற்பரப்பு நொறுங்கினால் வெளிறிவிடும். மேகமூட்டமான நாளில் இந்த நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும், அதனால் வெயில் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

எது நிச்சயம், எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜூலை கடைசியில் ஒரு வாரம் இருந்தால், கடலில் முடியும் பனியாறு ஒன்றையாவது படகிலிருந்து பார்ப்பீர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். ரெய்ண்டீர் மான்களை ஊருக்குள்ளேயே பார்ப்பீர்கள். பெரிய பாளம் உடைந்து விழுவதை யாரும் உறுதி தர முடியாது. நீங்கள் நிற்கும் அரை மணி நேரத்தில் சிறு துண்டுகள் மட்டும் உதிரலாம். துருவக்கரடி பார்ப்பது அதைவிடச் சந்தேகம். ஸ்வால்பார்டில் நிலையாகத் தங்கும் கரடிகள் சுமார் 300தான், லாங்யர்பியனைச் சுற்றி அவை வந்தால் அது ஊருக்கு அபாயச் செய்தி. 2025 ஜனவரி முதல் கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தூரத்தில் வெறும் கண்ணுக்குக் கரடி ஒரு மஞ்சள் புள்ளி. ஆளுக்கு ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

கைடு இல்லாமல் போவது பற்றி. ஊருக்குள் நடக்க யாரும் வேண்டாம். ஊர் எல்லையில் கரடி படம் போட்ட முக்கோணப் பலகை நிற்கும். அதைத் தாண்டினால் கரடியை விரட்டுவதற்கான சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம், துப்பாக்கியும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஆளுநர் அலுவலகத்தின் வலுவான பரிந்துரை. துப்பாக்கி வாடகைக்கு எடுக்க அனுமதி வாங்க வேண்டும், சுடத் தெரிந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாகச் சுடாமல் கரடியைத் திருப்பி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். 2011 ஆகஸ்டில் ஒரு பனியாற்றின் அருகே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் மாணவர் குழுவைக் கரடி தாக்கி ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள். முகாமைச் சுற்றிக் கட்டியிருந்த எச்சரிக்கைக் கம்பி வேலை செய்யவில்லை. அவர்கள் தலைவர்களோடு, துப்பாக்கியோடு, ஏற்பாட்டோடு போனவர்கள். செலவைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன: சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள், ஊருக்குள் டாக்சிக்குப் பதில் நடங்கள், மூன்று சுற்றுலாவுக்குப் பதில் இரண்டு போதும். கைடு செலவில் கைவைக்காதீர்கள்.

பனியாற்றின் மேல் நடக்கும் ஆசைக்கு வருகிறேன். லாங்யர்பியனுக்குப் பின்னாலேயே லாங்யர் பனியாறும் லார்ஸ் பனியாறும் இருக்கின்றன. சிறியவை, மெதுவாக நகர்பவை, பிளவுகள் குறைவு. அதனால்தான் முதல்முறை நடப்பவர்களை அங்கே அழைத்துப் போகிறார்கள். போய்வர ஐந்தாறு மணி நேரம். காலில் கிராம்பான், அதாவது இரும்புப் பற்கள் கொண்ட சட்டம் மாட்டுவார்கள். முழுப்பாதத்தையும் தட்டையாக வைத்து நடக்க வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு காலின் பல் அடுத்த கால் பேன்ட்டில் மாட்டித்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். ஆனால் உண்மையான கஷ்டம் பனிக்கட்டியில் இல்லை, அதற்கு முன்னால் வரும் மொரைனில். பனியாறு தள்ளிவிட்டுப் போன கற்குவியல் அது. கல்லுக்கு அடியில் இன்னும் பனி இருப்பதால் மிதித்த கல் வழுக்கும், உருளும். ஈரச் சேறு கணுக்கால் வரை இழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போது முட்டி அதிகம் நோகும். அம்மா இதைத் தவிர்ப்பது நல்லது. அப்பா தினமும் இரண்டு மணி நேரம் மேடு பள்ளத்தில் நடக்கக்கூடியவர் என்றால் உங்களோடு வரலாம். அந்தக் கற்களைக் குனிந்து பாருங்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்தபோது விழுந்த இலைகளின் தடம் தெளிவான நரம்புகளோடு பதிந்திருக்கும்.

இப்படிப்பட்ட குளிர்ந்த சிறு பனியாறுகளில் பிளவைவிட உருகுநீர் வாய்க்கால்தான் கவனிக்க வேண்டியது. கோடையில் மேற்பரப்பில் ஓடும் நீர் பனிக்கட்டியை அறுத்துக்கொண்டே கீழே இறங்கும். மேல்வாய் வெண்பனியாலும் பனி நெளிவதாலும் மூடிக்கொண்டால் உள்ளே குகை உருவாகும். குளிர்காலத்தில் தண்ணீர் நின்றபின் ஆட்களை உள்ளே அழைத்துப் போகும் பனிக்குகை இதுதான், ஜூலையில் அதற்குள் வெள்ளம் ஓடும், உள்ளே போக முடியாது. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் மேலே பழைய வெண்பனி மிச்சமிருக்கும். வாய்க்கால் எங்கே என்று தெரியாது, முட்டியளவு பனிச்சேற்றில் கால் புதையும். ஜூலை கடைசி என்று நான் சொன்னதற்கு இது ஒரு காரணம், அப்போது வெறும் பனிக்கட்டி தெரியும், எங்கே கால் வைக்கிறோம் என்று தெரியும். பிளவுகள் உள்ள பெரிய பனியாறுகளில், அதுவும் வெண்பனி மூடியிருக்கும்போது, இடுப்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார் மாட்டி, பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, கயிற்றில் கோத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சிறு கப்பலில் ஒரு வாரம் தங்கிச் சுற்றுவதா என்றும் யோசித்திருப்பீர்கள். பணம் இருந்தால் அதற்கு ஈடில்லை. வடமேற்கே கோங்ஸ்ஃபியோர்டன், லீஃப்டெஃபியோர்டனில் மொனாக்கோ பனியாறு போன்றவற்றை ஊரிலிருந்து ஒருநாள் படகில் தொட முடியாது. 2025 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது, கரையிறங்கவும் 43 இடங்களுக்கு மட்டுமே அனுமதி. எனவே விலை குறைவு என்று ஆயிரம் பேர் போகும் பெரிய கப்பலில் ஏறினால் இந்த ஃபியோர்டுகளுக்குள் நுழைய முடியாது. சிறு கப்பலில் தினமும் ரப்பர் படகில் ஏறி இறங்க வேண்டும். கையைக் கோக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, முதலில் படகின் ஓரக் குழாயில் கால், பிறகு உள்ளே. கரையில் கணுக்கால் அளவு தண்ணீரில் குதிப்பதும் உண்டு. அம்மா அதைச் செய்வார் என்றால் யோசிக்கலாம்.

கோங்ஸ்ஃபியோர்டனில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. அங்கே நியூ-ஓலெசுண்ட் ஆய்வு ஊரில் 2008 ஜூலையில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. 2014இல் அதே ஃபியோர்டின் நீருக்கடியில் இண்ட்ஆர்க் என்ற அளவீட்டுக் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. அட்லாண்டிக் நீர் எவ்வளவு உள்ளே வருகிறது, பனியாற்று நீர் எவ்வளவு கலக்கிறது என்று பார்ப்பதற்கு ஏற்ற இடம் அது. கப்பல் அங்கே நின்றால் ஃபோனில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கச் சொல்வார்கள், நுட்பமான ரேடியோ ஆய்வுக் கருவிகளுக்கு அவை இடைஞ்சல். எதிர்க்கரையில் இருக்கும் ப்ளோம்ஸ்ட்ராண்ட் நிலத்தை நெடுங்காலம் தீபகற்பம் என்றே வரைந்திருந்தார்கள். பனியாறு பின்வாங்கியபின்தான் அது தீவு என்று தெரிந்தது. ஸ்வால்பார்டின் சராசரி வெப்பநிலை 1971க்கும் 2017க்கும் இடையே 3 முதல் 5 டிகிரி ஏறியிருக்கிறது. 2020 ஜூலை 25 அன்று லாங்யர்பியனில் 21.7 டிகிரி பதிவானது. அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய பயணக் குறிப்பில் உள்ள முகப்பு இப்போது அதே இடத்தில் இருக்காது. சில பனியாறுகள் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்துவிட்டு திடீரென வேகமெடுத்து முன்னே பாய்வதும் உண்டு. டூனா பனியாறு அப்படி ஒன்று. ஒரு பனியாறு முன்னேறுகிறது என்பதை வைத்து வெப்பமயமாதல் பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பாய்ச்சல் அடிப்பகுதியின் அழுத்தமும் நீரும் சம்பந்தப்பட்டது.

விசாவில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 1920ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்வால்பார்டுக்கு விசா கிடையாது, ஆனால் அங்கே போகும் வழி ஆஸ்லோ அல்லது ட்ராம்சோ. ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) வெளியே இருப்பதால் ஆஸ்லோவில் ஒருமுறை உள்ளே வந்து, விமானம் ஏறும்போது வெளியேறி, திரும்பும்போது மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா இருந்தால் திரும்பி வர முடியாது. குறைந்தது இரட்டை நுழைவு கேட்டு, பயணத் திட்டத்தில் ஸ்வால்பார்ட் டிக்கெட்டையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் விஷயமும் இதே போலத்தான்: 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் எழுதிய பாலிசி அங்கே செல்லாமல் போகலாம். ஸ்வால்பார்ட் என்ற பெயரும், மருத்துவ விமானமும், தேடுதல் மீட்புச் செலவும் எழுத்தில் இருக்கட்டும். லாங்யர்பியன் மருத்துவமனை சிறியது. இதயக் கோளாறு போன்ற பெரிய சிக்கல் என்றால் சுமார் 950 கி.மீ. தள்ளியுள்ள ட்ராம்சோவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். அப்பா அம்மாவின் மாத்திரைகளை இரண்டு மடங்காக எடுத்து, கைப்பையிலேயே வையுங்கள்.

உடை பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் குளிர் ஏறும். ஜீன்ஸும் கூடாது. உள்ளே மெரினோ கம்பளி அல்லது தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், பேன்ட். ஜூலையில் 5 டிகிரிதான் என்றாலும் படகு மணிக்கு 37 கி.மீ. போனால் முகத்தில் அது பூஜ்யம் போலத்தான் படும். குளிருக்குப் பயந்து ஷூவுக்குள் இரண்டு தடித்த சாக்ஸைத் திணிப்பது தவறு. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ஒரு சைஸ் பெரிய ஷூவும் ஒரு கம்பளி சாக்ஸும் போதும். நம் ஊர் மங்கி கேப் அங்கே அருமையாகப் பயன்படும். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் உள்ளே ஈரம் படியும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அறைக்குள் ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். நள்ளிரவிலும் வெயில் அடிப்பதால் கண்மறைப்புத் துணி எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் எல்லோரும் எரிச்சலாக இருப்பீர்கள்.

சைவம் என்று சொல்லியிருந்தீர்கள். ஊர் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி கிடைக்கும், விலைதான் அதிகம். இட்லிப்பொடி, ரெடிமேட் உப்புமா, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பன்னீர் வேண்டாம்; ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர நார்வே அனுமதிப்பதில்லை. படகு நிறுவனத்திடம் சைவம் என்று சொன்னால் மீன் வரலாம். மீனும் முட்டையும் உண்பீர்களா மாட்டீர்களா என்று பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

கிரீன்லாந்தின் இலுலிசாட் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கடலில் மிதக்கும் பனிமலைகளின் பருமனில் ஸ்வால்பார்ட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அம்மாவுக்கும் அது ஒருவகையில் வசதி, ஊரிலிருந்து பலகைப் பாதையில் நடந்தே பனி ஃபியோர்டின் ஓரம் போகலாம். ஆனால் டென்மார்க் விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும், விமானச் செலவும் மாற்றங்களும் கூடும். அங்கே கடற்கரைக் கற்களில் இறங்கி நிற்காதீர்கள். பனிமலை புரண்டால் அலை சட்டென்று ஏறிவிடும், எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஏழு நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் வந்து இறங்கித் தூக்கம். இரண்டாம் நாளே நோர்டன்ஷோல்ட் படகு. காற்றோ மூடுபனியோ வந்து ரத்தானால் மூன்று, நான்காம் நாளுக்குத் தள்ள இடம் இருக்கும். கடைசி நாளில் வைத்தால் தள்ள இடமில்லை. நடுவில் ஒருநாள் நீங்களும் அப்பாவும் பனியாற்று நடை, அன்று அம்மாவுக்கு ஸ்வால்பார்ட் அருங்காட்சியகம். உள்ளே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், நல்ல சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் காலியாக இருக்கட்டும். ஆறாம் நாள் ஆஸ்லோ திரும்பி, ஏழாம் நாள் அங்கேயே தங்கி, மறுநாள் இந்தியாவுக்கு விமானம். லாங்யர்பியனில் மூடுபனி இறங்கினால் விமானம் தரையிறங்காமல் திரும்பிப் போவது உண்டு, ஆஸ்லோவில் அதே நாள் இந்திய விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட்டவர்கள் அந்த டிக்கெட்டை இழந்திருக்கிறார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகிவருவதால் பணம் கட்டும் முன் ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலக இணையதளத்தை ஒருமுறை படியுங்கள். அம்மாவின் முட்டிக்கு எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எழுதினால் எந்தப் படகு சரிவரும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.